மூன்றாவது போல்ட்

அந்தப் பட்டறைக்குள் சிகரெட் பிடிக்கலாம், அரசியல் பேசலாம், அடுத்தவன் வண்டியைப் பழிக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது. முதலாளி போல்ட் முறுக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இதனால் பந்தயம் ஓட்டும் பையன்கள் அவருக்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது ரேஷன் கார்டோடு சரி.

பந்தய பைக்குகளின் என்ஜினைப் பிரித்து, கடைந்து, தேய்த்து, மறுபடி கோத்துக் கொடுப்பது அவர் தொழில். தகரக் கூரை, இரும்புக் கதவு. நுழைந்ததும் இரும்பு கடையும் லேத், அதற்கு எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டுத் தானும் எண்ணெய் நிறமாகிவிட்ட லேத்காரர். அடுத்து சிலிண்டர் கடையும் மெஷின். ஜன்னலோரம் அவர் மனைவியின் மேசை. வால்வுகளைத் தேய்த்து உட்காரவைப்பது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பது வாய்ப்பூட்டின் கருத்து. அந்தக் கருத்தை அவளிடம் மட்டும் அவர் சொன்னதில்லை.

பூட்டுக்குக் காரணம் இருந்தது. பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க்கோடு சேர்ப்பது கனெக்டிங் ராடு. அந்த ராடைப் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டு சின்ன போல்ட்டுகள். போல்ட்டை முறுக்குவது என்றால் நிஜத்தில் அதை இழுத்து நீட்டுவதுதான். தலைமுடி கட்டும் ரப்பர் பேண்டு போல, அளவாக இழுத்தால் இறுக்கிப் பிடிக்கும். அளவு மீறினால் தொளதொளத்துப் போகும். அப்படிப் போன போல்ட், வண்டி உச்ச வேகத்தில் இருக்கும்போது பார்த்துக் கையை விரிக்கும். ராடு என்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டும். மேலே இருப்பவனின் கதையை அவன் வீட்டாரிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால்தான் டார்க் ரெஞ்சு என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதில் வைத்துவிட்டு முறுக்கினால், அளவு வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு மயிரிழை போகக் கூடாது. நடுவில் யாராவது பேசினால் டிக் காதில் விழாமல் போகும் என்பது வாய்ப்பூட்டின் வாதம். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் பதறியடித்து ஓடிவந்து, தனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். வாய்ப்பூட்டு ஒரு விரலைத் தூக்கி அவரை நிறுத்தினார். மிச்சமிருந்த போல்ட்டுகளை முறுக்கினார். ஒவ்வொன்றின் தலையிலும் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம், அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். அதற்குள் அந்த ஆளுக்குச் சந்தோஷம் பாதி வடிந்துவிட்டிருந்தது.

இதெல்லாம் காது இருந்த காலத்துக் கதை.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. வாடகை பாக்கி வைத்துவிட்டு நழுவுகிற குடித்தனக்காரன் மாதிரி, யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு போனது. முதலில் குருவிச் சத்தம் போனது; அதை அவர் கவனிக்கவே இல்லை. பிறகு போன் மணி. பிறகு மனைவியின் குரல். இத்தனை வருடம் கிரைண்டருக்கும் சைலன்சர் இல்லாத என்ஜினுக்கும் நடுவில் நின்றதற்கு அதுவாவது மரியாதையாக மெல்லிய சத்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கனத்த சத்தங்களை விட்டுவைத்தது. லேத்காரரின் கட்டைக் குரல் கேட்டது. என்ஜினுக்குள் ஏதாவது தட்டினால் கேட்டது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினிலும் கைப்பிடியைக் காதோர எலும்பிலும் வைத்து, "இரண்டாவது சிலிண்டர், பேரிங் தேய்ஞ்சிருக்கு" என்று அவர் சொன்னால் இப்போதும் அது சரியாகவே இருந்தது. அந்த வட்டாரத்தில் அவர் காதுக்கு நல்ல பெயர். நாடி பார்க்கிற காது என்பார்கள். இந்த லட்சணத்தில் எனக்குக் காது கேட்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் சொல்லவில்லை. அதற்குப் பதில் பூட்டை நீளமாக்கினார். போல்ட் முறுக்கும்போது மட்டும் என்றிருந்தது, சிலிண்டர் அளக்கும்போதும் என்று ஆனது. பிறகு சாப்பிடும்போது பேசக் கூடாது, பேப்பர் படிக்கும்போது பேசக் கூடாது, வண்டியில் போகும்போது பேசக் கூடாது. கடைசியில் அவர் தூங்கும்போது மட்டும்தான் அவரிடம் பேச அனுமதி இருந்தது.

மீறிப் பேசுபவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தார்: "ம்." அதில் ஒரு சௌகரியம், எல்லாக் கேள்விக்கும் அது பொருந்தும். போனில் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் அழைத்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்றாள். "ரொம்ப நல்லது, எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றார் அப்பா. மகள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

டிக் மட்டும்தான் பிரச்சினை. அதற்கும் அவர் வழி கண்டுபிடித்திருந்தார். ரெஞ்சு டிக் என்னும்போது கைப்பிடியில் ஒரு சின்ன உதறல் இருக்கும். சத்தம் போன பிறகு அந்த உதறலை வைத்தே காலம் தள்ளினார். மணிக்கட்டு சொன்னதும் நிறுத்துவார், பொட்டு வைப்பார், அடுத்ததற்குப் போவார். எல்லாம் முடிந்ததும் கை கழுவிக்கொண்டு தெருமுனைக்கு டீ குடிக்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் மனைவி அந்த மேசையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பாள். சுத்தக்காரி என்று நினைத்துக்கொள்வார். அவள் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது; அதற்குள் சிவப்புப் பொட்டு வைத்த பழைய போல்ட்டுகள் இரண்டு மூன்று கிடந்தன. ஏதோ பழைய என்ஜினில் கழற்றியது என்று அதையும் கடந்து போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான் மச்சானின் என்ஜின் வந்தது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவனைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்து மிதித்ததே வாய்ப்பூட்டுதான். அந்த நன்றிக்கு அவன் வளர்ந்து மோட்டார் பைக் பந்தயக்காரன் ஆனான். அக்காளுக்குப் பிடிக்கவில்லை, மாமாவுக்கும் பிடிக்கவில்லை. எப்படியும் ஓட்டத்தான் போகிறான், என்ஜினாவது நம் கையில் இருக்கட்டும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்தார்கள். நாலு சிலிண்டர் என்ஜின். லேத்காரர் கடைந்தார், அவள் வால்வு உட்காரவைத்தாள், வாய்ப்பூட்டு கோத்தார். ராடு போல்ட் எட்டும் முறுக்கி, பொட்டு வைத்து, டீக்குப் போனார். மச்சான் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போய்விட்டான்.

பந்தயத்தன்று காலை லேத்காரர் டார்க் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது செத்துப்போச்சு."

"என்னது?"

"ரெஞ்சுண்ணே. முறுக்கறேன், முறுக்கறேன், டிக்குங்கவே மாட்டேங்குது. செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி கம்முனு இருக்கு. நட்டு கையோட வந்துருச்சு. உள்ள ஸ்பிரிங் போயிருக்கும்." பிறகு, சும்மா கேட்பது போலத்தான் கேட்டார்: "நீங்க கடைசியா எதுக்குப் புடிச்சீங்க?"

"மாப்ள என்ஜினுக்கு."

"அப்போ டிக்குன்னுச்சுல்ல?"

"ம்" என்றார் வாய்ப்பூட்டு.

லேத்காரர் நிம்மதியாக லேத்துக்குத் திரும்பினார். வாய்ப்பூட்டு ரெஞ்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வைஸில் ஒரு பழைய போல்ட்டைக் கவ்வவைத்து முறுக்கினார். அளவு வரும் இடத்தில் மணிக்கட்டில் உதறல் தெரிந்தது. பழக்கமான, நல்ல உதறல். அப்பாடா என்று மூச்சு விட்டார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, ரெஞ்சின் தலையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினார். தலையில் உதறலே இல்லை. செத்துதான் கிடந்தது. ஆனால் மணிக்கட்டு அதே இடத்தில் அதே மாதிரி உதறியது.

இல்லாத டிக்கை அவர் கையே அவருக்காகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. வருடக்கணக்கான பழக்கம். அந்த எட்டு போல்ட்டில் எது அளவோடு நின்றது, எது மீறிப்போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவற்றின் மேல்தான் அந்தப் பையன் இன்னும் சில மணி நேரத்தில் ஏறி உட்காரப் போகிறான். போனில் சொல்லலாம் என்றால், அவன் என்ன பதில் சொல்கிறான் என்று தெரியாது. அவன் எடுத்தானா, வேறு யாராவது எடுத்தார்களா என்பதே தெரியாது.

மனைவியிடம் போய், "பந்தயம் பார்க்கப் போறேன்" என்றார்.

அவர் வாழ்நாளில் ஒரு பந்தயம் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கு, சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வருவானுங்க என்பார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கையில் இருந்த வால்வை வைத்துவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் அவள்தான் ஓட்டினாள், அவள்தான் பேசினாள். கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், நிதானமாக என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டது போலவும் இருந்தது. வெயில் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தார். வேனுக்கு வேறு சைலன்சரில் ஓட்டை. வாய்ப்பூட்டு வேண்டிய இடங்களில் "ம்" போட்டுக்கொண்டு, மச்சானிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ரெஞ்சு கெட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னால் போதும். பாதி உண்மை. மானமும் மிஞ்சும், பையனும் மிஞ்சுவான்.

திடலில் வேனை நிறுத்த இடம் தேடி அவள் சுற்றிக்கொண்டிருந்தபோதே இறங்கி ஓடினார். வண்டிகள் வரிசையாக நிற்கும் நீளமான கொட்டகை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். வாய்ப்பூட்டு வந்திருக்காரு என்று ஒருவன் இன்னொருவனுக்குக் காட்டினான். மச்சான் தோல் உடுப்பில் கால்களை நுழைத்து, கைகளை இன்னும் நுழைக்காமல் நின்றான்.

"மாமா! நீங்களா! மழைதான் வரப்போகுது!"

"மாப்ளே, வண்டிய எடுக்காதே. என்ஜினைப் பிரிக்கணும்."

அவன் சிரித்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "இப்பவா? இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க மாமா. என்ன ஆச்சு?"

"ரெஞ்சு கெட்டுப்போச்சு. ராடு போல்ட்டு சரியா நிக்கலையோன்னு சந்தேகம்."

அவன் என்னவோ கேட்டான். பக்கத்து வண்டியின் உறுமலில் ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. தொழில் தெரிந்த எவனும் அந்த இடத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: டிக் கேட்காவிட்டால் அப்போதே நிறுத்தியிருப்பீர்களே?

பாதி உண்மையை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. சந்தேகம் என்று சொன்ன மாத்திரத்தில் இவன் வண்டியைப் பிரிக்கப் போவதும் இல்லை. வாய்ப்பூட்டு மச்சானின் தோளைப் பிடித்து அருகே இழுத்தார். அவன் காதோடு காதாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, ரகசியமாகச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்கறதில்ல மாப்ளே. ரொம்ப வருஷமா. டிக்கும் கேக்காது, நீ பேசறதும் கேக்காது. குத்துமதிப்பாத்தான் முறுக்கினேன்."

காது போனவர்களின் ரகசியம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து வண்டிக்காரன் என்ஜினை அணைத்தான். அதற்கடுத்தவனும் அணைத்தான். கொட்டகையின் கடைசியில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பார்த்தார். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அவருக்கு அதுவும் கேட்கவில்லை. எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்துத்தான், தான் கத்தியிருக்கிறோம் என்று புரிந்தது.

இத்தனை வருடம் கட்டிக்காத்த குட்டு ஒரே மூச்சில் வெளிப்பட்டது. வெட்கமாக இருந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் மச்சானின் தோளை அவர் விடவில்லை.

அப்போதுதான் மனைவி வந்து சேர்ந்தாள். கொட்டகையின் அமைதியைப் பார்த்ததும் நடந்தது அவளுக்கு விளங்கிவிட்டது. கணவரின் முகத்துக்கு நேராக வந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்து, உதடு தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"என்ஜினைப் பிரிக்க வேணாம். போல்ட்டு எட்டும் நான் அளந்துட்டேன்."

"நீ எப்போ அளந்தே?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப. எப்பவும் அப்பத்தான் அளப்பேன்." போல்ட்டின் நீளத்தை அளக்கும் கேஜ் ஒன்று அவள் இழுப்பறையில் இருந்தது. வால்வு வேலைக்கு அது எதற்கு என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. "ஏழு சரியா இருந்துச்சு. உங்க கை ஏழுல சரியாத்தான் நின்னுருக்கு. மூணாவது நீண்டு போயிருந்துச்சு. அதைக் கழட்டிட்டு, புதுசு போட்டு, நீளம் பாத்து முறுக்கிட்டேன்."

மூணாவது. வாய்ப்பூட்டுக்கு அந்தக் கண்ணாடி டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு மூன்று போல்ட்டுகள். பழைய என்ஜின் எதிலிருந்தும் வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பையன்.

"அக்கா, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான் மச்சான்.

"சொன்னா இவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடும். கை நடுங்கினா எட்டும் போயிடும்" என்றாள் அவள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட சொன்னேன். இன்னைக்கு வழியெல்லாம் இதைத்தான் சொல்லிட்டு வந்தேன். நீங்க 'ம்'னீங்க."

"எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியுமே!"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன்."

அவருக்கு அழுகை வந்தது. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கொட்டகை நடுவில் நின்று அழுதார். கோபமா, நன்றியா, பயமா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. என்ஜினாக இருந்தால் பிரித்திருப்பார்.

மச்சான் கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா அளந்துட்டா சரி" என்று உடுப்புக்குள் கையை நுழைத்தான். அன்று நாலாவதாக வந்தான். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. கடைசி வளைவில் கொஞ்சம் அடக்கி வாசித்துவிட்டான். "அந்த மூணாவது போல்ட்டையே நினைச்சுட்டு இருந்தேன் மாமா" என்றான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

அதன் பிறகு பட்டறைக்கு வருகிற கூட்டம் கொஞ்சம் குறைந்தது. செவிடனிடம் என்ஜின் கொடுப்பதா என்று சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். அதில் இரண்டு பேர் மழைக்காலம் முடிவதற்குள், எதுவும் நடக்காதது போலத் திரும்பி வந்தார்கள். அவர்களும் எதுவும் நடக்காதது போல நடத்தப்பட்டார்கள். மற்றவர்கள் வரவில்லை. லேத்காரர் மட்டும் சங்கு ஊதின பழமொழியை அறவே விட்டுவிட்டார். பாவம், அந்த இடத்தில் சொல்ல வேறு பழமொழி கிடைக்காமல் பேச்சின் பாதியில் அடிக்கடி நின்றுவிடுகிறார்.

மகள் வந்து அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு கருவி கொடுத்தார். வீட்டில் அதை மாட்டிக்கொள்கிறார். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டதும், தன் செருப்பு இவ்வளவு சத்தம் போடுகிறதா என்று வேறு செருப்பு வாங்கினார். பட்டறையில் மாட்டுவதில்லை. அது அவ்வப்போது தானாகவே டிக் என்கிறதாம். ஏற்கெனவே ஒரு பொய்யான டிக்கை நம்பிக் கெட்டது போதும் என்கிறார்.

புது ரெஞ்சு வந்திருக்கிறது. போல்ட் முறுக்கும்போது யாரும் பேசக் கூடாது என்கிற சட்டம் இன்னும் இருக்கிறது. ஒரு மாற்றம்தான். வால்வை வைத்துவிட்டு மனைவி வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். ஒரு கையை அவர் தோளில் வைத்துக்கொள்கிறாள். ரெஞ்சு டிக் என்றதும் ஒரு தட்டு. அவர் நிறுத்துகிறார், பொட்டு வைக்கிறார், அடுத்ததற்குப் போகிறார். டீக்கு இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள், அவள் கேஜ் வைத்து அளந்த பிறகு, அவர் எதிரிலேயே.

ஒருநாள் கடைசி போல்ட்டுக்கு ரெஞ்சை மாட்டிவிட்டு, முறுக்காமல், சட்டத்தை உண்டாக்கியவரே சட்டத்தை மீறிப் பேசினார்.

"அன்னைக்கு வேன்ல சொன்ன மாதிரி, இத்தனை வருஷத்துல எனக்குக் கேக்காம வேற என்னல்லாம் சொல்லியிருக்கே?"

பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. முன்பு என்றால் "ம்" என்றிருப்பார். ரெஞ்சை விட்டுவிட்டு முழுதாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் சொல்லு."

"நிறைய சொல்லியிருக்கேன்னேன்."

"எல்லாத்தையும் இன்னொரு தரம் சொல்லணும்."

"முதல்ல போல்ட்டை முடிங்க" என்று அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அவர் முறுக்கினார். தட்டு வந்தது, நிறுத்தினார். பொட்டு வைத்து முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அவரும் நகரவில்லை.